உப்புக் காற்றுக்கு ஏர் ஃபில்டர்: ஒரு டீசல் காரில் செய்து பார்த்தது

எங்கள் வீட்டு வண்டி 2014 மாடல் டிசையர் டீசல். 1248 சிசி, 75 குதிரைத்திறன், ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட் இன்ஜின். உச்சிப்புளியிலிருந்து ஒரு பக்கம் ராமேஸ்வரம், மறுபக்கம் ராமநாதபுரம் போய் அங்கிருந்து தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று கடலை ஒட்டியேதான் அதன் ஓட்டம். கொஞ்ச காலமாக ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கரும்புகை தள்ளியது. லாரியை முந்தும்போது மூச்சு முட்டுவதுபோல் இழுத்தது. ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

அதே சமயத்தில் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மச்சான் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். உள்ளே எண்ணெய் பூசிய கூம்பு வடிவ காட்டன் ஃபில்டர், பளபளக்கும் அலுமினியக் குழாய், சிலிக்கான் ஹோஸ், கிளாம்புகள். இன்ஜினுக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும் முழு இன்டேக் கிட்.

"மச்சான், பழைய டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு இத மாட்டுங்க. வண்டி சத்தமே மாறிப் போகும்" என்றான். ஆசையாக வாங்கி வந்திருக்கிறான். வெறும் அபிப்பிராயத்தை வைத்து மறுக்க மனம் வரவில்லை. அதனால் எதையும் கடைசியாக மாட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் நம் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஃபில்டர் விளம்பரங்கள் எல்லாம் எவ்வளவு காற்றை உள்ளே விடும் என்றுதான் பேசுகின்றன. எதை உள்ளே விடாது என்பதுதான் இந்தக் கரையில் முக்கியம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் தனுஷ்கோடி ரோட்டில் மணல் குறுக்கே ஓடும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை ரோட்டோரம் மணல் மேடு கட்டி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பெரிய மணலால் ஃபில்டருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. அது டப்பாவின் அடியில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையான பொடிதான் வில்லங்கம். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும் கடினம். போகிற வழியில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அலுமினிய இறக்கைகளையும் அது விட்டுவைக்காது; அவை நிமிடத்துக்கு ஒன்றரை இரண்டு லட்சம் சுற்று சுற்றுகின்றன.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனால் சீமைக்கருவேலக் கரிமூட்டமும் கரி ஏற்றிய லாரிகளும். கரித்தூள் மணலைப்போல் அறுக்காது. ஆனால் ஃபில்டரின் மடிப்புகளைச் சீக்கிரம் அடைத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகத் தண்ணீர் விட ஆரம்பிக்கும். கரையோரக் காலைப்பொழுதில் அது சாதாரணம். ஃபில்டரில் படிந்த உப்பு இரவில் ஈரமாகி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகும். ஈரமான உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டரின் மறுபக்கத்துக்குக் கசியவும் செய்யும். கடலோர ஆலைகளில் கேஸ் டர்பைன் ஓட்டுகிறவர்கள் நன்றாக அறிந்த தொல்லை இது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி), உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் இடம் வைத்திருப்பது சும்மா இல்லை.

இந்த இன்ஜின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டேன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1248 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 75 கன மீட்டர். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு அறையின் காற்று முழுவதும். டர்போ அழுத்திக் கொடுப்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அவ்வளவு காற்றில் 100 கிராம் புழுதி வருகிறது என்று வையுங்கள். 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் அரை கிராமை உள்ளே விடும். 97 சதவீதம் பிடிப்பது மூன்று கிராமை விடும். காகிதத்தில் பார்த்தால் இரண்டரை சதவீத வித்தியாசம். இன்ஜினுக்குள் போவது ஆறு மடங்கு.

பானெட்டைத் திறந்து ஃபில்டர் டப்பாவைக் கழற்றினேன். பழைய ஃபில்டர் அழுக்கு மூட்டையாக இருந்தது. வெளிப்பக்க மடிப்புகளுக்குள் கருவேல இலை, மணல், ஒரு வண்டு. கரும்புகைக்கு அதுவே போதும். பெட்ரோல் வண்டிபோல் இல்லாமல் டீசலில் காற்று குறைந்தால் அது புகையாக வெளியே தெரியும். ஆனால் எனக்குப் பதற்றம் தந்தது ஃபில்டர் இல்லை, டப்பாவின் மேல்மூடி. காற்று வடிகட்டப்பட்டு வந்து சேரும் பக்கம் அது. அங்கே ஒரு துளி தூசிகூட இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். மூன்று மூலையும் சுத்தம். நான்காவது மூலையில் விசிறி விரித்ததுபோல் சாம்பல் நிறத்தில் தூசிக் கோடு. அந்த மூலையில் மூடியை இறுக்கும் காது உடைந்து, மூடி ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. முன்பு எங்கோ சர்வீஸ் விட்டபோது யாரோ நெம்பிக் கழற்றியதில் போயிருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் பல வருடமாக டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தூசிக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எந்த ஃபில்டர வாங்குனாலும் நல்லாத்தான் இருக்கும். அது உக்கார்ற இடம் நல்லாருக்கான்னு மொதல்ல பாரு. இந்த ஓட்டையில வர்ற காத்துக்கு ஃபில்டரே கிடையாது." டப்பாவைத் திருப்பிப் பார்த்து இன்னொன்றும் காட்டினார். கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை டப்பாவுக்குக் கொண்டுவரும் பிளாஸ்டிக் மூக்குக்குழாய் என் வண்டியில் இல்லவே இல்லை. எப்போது காணாமல் போனதோ தெரியாது. டப்பா இத்தனை நாளும் இன்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஆக, வேலை இரண்டாகப் பிரிந்தது: எந்த ஃபில்டர் என்பது ஒன்று, காற்று எந்த வழியாக வருவது என்பது இன்னொன்று.

ஃபில்டர் எவ்வளவு காற்றை மறிக்கிறது என்று அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் போதும். மெல்லிய, கண்ணாடிபோல் தெளிவான ட்யூபை வாங்கி, ஒரு பலகையில் இங்கிலீஷ் 'யு' எழுத்து வடிவில் ஒரு மீட்டர் உயரத்துக்கு வளைத்துக் கட்டினேன். பாதி வரை தண்ணீர், அதில் இரண்டு சொட்டு துணிக்குப் போடும் நீலம். காயலான் கடையில் இதே டப்பாவின் பழைய மூடி ஒன்று கிடைத்தது. அதிலும் ஒரு கீழ்ப்பாகத்திலும் துளையிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாயின் சிறு இணைப்பான்களை ஒட்டிக்கொண்டேன். ஃபில்டருக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. ட்யூபின் ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையைக் காற்றில் திறந்து விட்டால், உள்ளே எவ்வளவு உறிஞ்சல் இருக்கிறதோ அவ்வளவு செ.மீ. வித்தியாசம் ட்யூபின் இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே தெரியும். 10 செ.மீ. தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். ட்யூபின் உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள். தண்ணீர் வழிந்து இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது. பாதுகாப்புக்கு நடுவில் ஒரு காலி பாட்டிலையும் இணைத்திருந்தேன். பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் மச்சான். ஓட்டுகிறவன் ட்யூபைப் பார்க்கக் கூடாது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தேவிபட்டினம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆளில்லாத நேராக நீண்ட இடத்தில், மூன்றாவது கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தி 4000 சுற்று வரை. அழுக்கு ஃபில்டரோடு 30 செ.மீ.யை ஒட்டி ஏறியது. புது பேப்பர் ஃபில்டரைப் போட்டதும் 18. அடுத்து ட்யூபை ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் துளைக்கு மாற்றினேன். அங்கேயே 11 இருந்தது. அதாவது 18-ல் 11 டப்பாவின் வாயாலும் வளைவாலும் வருவது. பேப்பர் ஃபில்டரின் பங்கு வெறும் 7. பரமக்குடியில் இதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் டப்பாவுக்குள் உட்காரும் தட்டை வடிவ காட்டன் ஃபில்டர் இருந்தது. அதை இரவல் வாங்கிப் போட்டபோது 15. பேப்பரைவிட 3 செ.மீ. குறைவு.

அந்த 3 செ.மீ. என்பது 0.3 கிலோபாஸ்கல். வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். கிடைப்பது 0.3 சதவீதம். 75 குதிரைத்திறனில் கால் குதிரைகூட இல்லை. அதுவும் முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும். டீசலில் அதையும் முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. டீசல் இன்ஜினின் சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பது. புகை வராத அளவுக்குக் காற்று இருந்துவிட்டால், கூடுதல் காற்று உள்ளே வந்து சும்மா வெளியே போகும். இந்தக் கணக்கை எழுதி மச்சானிடம் காட்டினேன். அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அப்ப சத்தத்துல வேகமாப் போற மாதிரி தெரியுதா மச்சான்?" என்று கேட்டான். காதுக்கு இன்டேக் சத்தம் கூடினால் உடம்பு அதை வேகம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ட்யூபை நம்பச் சொல்கிறேன்.

மைலேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டிக்காரர்கள் புது ஃபில்டர் போட்டால் மைலேஜ் ஏறும் என்று நம்புகிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டது. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள இக்காலப் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. முழு வேகத்துக்கு இழுக்கும் திறன்தான் குறைந்தது. காரணம் எளிது. பெட்ரோல் இன்ஜினில் காற்றை மறிப்பதற்கென்றே த்ராட்டில் வால்வு இருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் மறித்தால் ஓட்டுகிறவர் த்ராட்டிலைக் கொஞ்சம் அதிகம் திறப்பார், அவ்வளவுதான். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இது பொருந்தாது.

இனி ஃபில்டர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

காட்டன் ஃபில்டர் என்பது பல அடுக்குப் பருத்தி வலைத்துணியை எண்ணெயில் நனைத்து, இரண்டு கம்பி வலைக்கு நடுவே மடித்து வைத்தது. 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இதை உலகறியச் செய்தது. கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. தூசியைப் பிடிப்பது துணியைவிட அந்த எண்ணெய்தான். எண்ணெய் காய்ந்த இடத்தில் தூசிக்கு வழி திறந்துவிடும். எண்ணெயைக் கூடுதலாகப் பூசினால் அது காற்றோடு போய், காற்றின் அளவைப் பார்க்கும் சூடான மெல்லிய தகடு கொண்ட சென்சாரில் படியும். சென்சார் தவறாகச் சொன்னால் இன்ஜின் கணினி டீசலைத் தவறாக அளக்கும். கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, அளவாக எண்ணெய் விட்டு, அது பரவும் வரை காத்திருந்து மாட்டுகிற பொறுமை வேண்டும். நம் கரையில் அந்த உலர்த்தும் வேலைதான் சிக்கல். ஈரக்காற்றில் துணி முழுசாகக் காயாது, உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். மச்சான் கொண்டுவந்த கூம்பு ஃபில்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்புகளின் நடுவே ஊசிமுனை வெளிச்சம் அங்கங்கே தெரிந்தது. ரேஸ் ஓட்டிவிட்டு இன்ஜினை அடிக்கடி பிரிக்கிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் இந்த இன்ஜினைப் பிரிக்காமலே இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும்.

ஃபோம் ஃபில்டரும் எண்ணெயை நம்பியதுதான். பைக்கில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சூட்டிலும் உப்பிலும் நாளடைவில் பொடிந்துபோகும் ஃபோம் துணுக்குகள் டர்போவுக்குள் போவதை நினைத்தே நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பேப்பர் ஃபில்டருக்கு வருகிறேன். பார்க்க எளிய பொருள். ஆனால் அதற்குள் இருக்கும் வேலை பெரிது. பிசின் ஏற்றிய காகிதம், நெருக்கமான மடிப்புகள், சுற்றிலும் மெத்தென்ற பாலியூரித்தேன் விளிம்பு. 50 மடிப்பு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. ஆழம், 15 செ.மீ. நீளம் என்று ஒரு ஃபில்டரை வைத்துக் கணக்கிட்டால் விரித்த காகிதம் 4500 சதுர செ.மீ. வரும். மடிப்பு குறைந்த மலிவு ஃபில்டரில் இந்தப் பரப்பைத்தான் திருடுகிறார்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள். விளிம்பை விரலால் அழுத்துங்கள். அமுங்கி உடனே எழ வேண்டும். கல்லுபோல் இருந்தால் டப்பாவின் வாயில் பொருந்தாது. மடிப்புகளுக்கும் விளிம்புக்கும் இடையே பிசின் இடைவெளியின்றி ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வண்டிக்குப் போலி ஃபில்டர் நிறைய உலவுகிறது. அட்டையின் அச்சும் ஹாலோகிராமும் சந்தேகமாக இருந்தால் விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். பேப்பர் ஃபில்டர் புதிதாக இருப்பதைவிட, கொஞ்சம் ஓடிய பிறகுதான் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும். முதலில் படியும் தூசியே ஒரு மெல்லிய படலமாகி அடுத்த தூசியை நிறுத்தும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறையில் ஃபில்டரின் தொடக்கத் திறனையும் முழு ஆயுள் திறனையும் தனித்தனியாகக் குறிப்பதன் காரணம் அதுதான். ஃபில்டர் வாங்கும்போது அட்டையில் திறன் சதவீதம் மட்டும் போட்டிருந்தால் போதாது. எந்தச் சோதனை, எந்தத் தூசி என்று இருக்க வேண்டும். நுண்தூசிக்குக் கிடைத்த எண்ணும் பருமணலுக்குக் கிடைத்த எண்ணும் ஒன்றல்ல. பருமணலில் நல்ல எண் வாங்குவது எளிது.

அதனால்தான் பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்துப் பேப்பர் ஃபில்டரை ஊதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தமாக அடித்தால் தூசி காகிதத்துக்குள் இறங்கும், நுண்துளை கிழியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், வேலைக்கு ஆகாது. ஷாம்பு போட்டுக் கழுவுவதும் கூடாது. தட்டினால் உதிர்வது உதிரட்டும். மிச்சத்துக்குப் புது ஃபில்டர். சில நூறு ரூபாய்தான். காட்டன் ஃபில்டரின் விலையில் பல வருடத்துக்குப் பேப்பர் மாற்றலாம்.

நான் தேர்ந்தெடுத்தது எண்ணெய் இல்லாத, செயற்கை இழை கலந்த தட்டை ஃபில்டர். அசல் டப்பாவுக்குள் அப்படியே உட்காரும். வெறும் காகிதம் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். செயற்கை இழை அவ்வளவு ஊதாது. உப்பும் ஈரமும் சேர்ந்த இந்தக் கரைக்கு அது பொருத்தம். ட்யூபில் பேப்பருக்கும் அதற்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. அது கிடைக்காதபோது நல்ல பேப்பர் ஃபில்டரே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்டேக் குழாய்ப் பக்கம் வருவோம். மச்சானின் மனம் நோகாமல் அவனுடைய கிட்டையும் மாட்டிப் பார்த்தோம். வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி ரீடர் இருந்தால் காற்றின் வெப்பத்தைப் போனிலேயே பார்க்கலாம். வெளியே 33 டிகிரி இருந்த மதியம். ராமேஸ்வரம் ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தபோது கூம்பு ஃபில்டர் இழுத்த காற்று 60 டிகிரி. ரோட்டில் வேகமெடுத்த பிறகும் 45-ஐ விட்டு இறங்க மனமில்லாமல் நின்றது. பின்னாளில் அசல் டப்பாவுக்குப் புது மூக்குக்குழாய் போட்டு அதே வழியில் போனபோது நெரிசலிலும் 38-ஐ ஒட்டியே இருந்தது. 60 டிகிரிக் காற்று 38 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய ஆறரை சதவீதம் அடர்த்தி குறைவு. ஃபில்டர் மாற்றி மிச்சம் பிடித்த 0.3 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். பெரும்பாலான கார்களில் கம்பெனியே வெளியிலிருந்துதான் காற்றை எடுத்துத் தருகிறது. அந்தக் குழாய் உடையாமல், கழன்றுபோகாமல் இருந்தாலே 'கோல்ட் ஏர் இன்டேக்' என்று தனியாக வாங்க வேண்டியதில்லை.

சில கிட்டுகளில் சூட்டைத் தவிர்க்கக் குழாயை நீட்டி, பம்பருக்குப் பின்னால் ஃபாக் லேம்ப் பக்கம் தாழ்வாக ஃபில்டரை வைக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் தாழ்ந்த ஃபில்டர் நேராகத் தண்ணீரைத்தான் குடிக்கும். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 312 சிசி. டீசல் என்பதால் அழுத்த விகிதம் 17-ஐ ஒட்டி இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 19 மில்லி. அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தேய்ந்துபோகும் இன்ஜினுக்காவது காலம் இருக்கிறது. இது ஒரு நொடியில் முடிந்துவிடும்.

அலுமினியக் குழாயைப் பற்றி மெக்கானிக் அண்ணன் சொன்னதையும் எழுத வேண்டும். "பாம்பன் பக்கம் போட்டு வச்சிருக்க அலுமினியத்தப் பாத்திருக்கியா தம்பி? வெள்ளையாப் பூத்துப் போயி, குழி குழியா இருக்கும்." உப்பிலிருக்கும் குளோரைடு அலுமினியத்தின் மேல்படலத்தைத் துளைத்துக் குழி பறிக்கும். அதன் மேல் இரும்புக் கிளாம்பை இறுக்கினால், இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து அரிப்பு இன்னும் வேகமாகும். உலோகம் இன்ஜின் சூட்டையும் எளிதாகக் கடத்தும். கம்பெனி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் பார்க்க அழகில்லை. துருப்பிடிக்காது, சூட்டையும் கடத்தாது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றில்தான் நம் கிளாம்புகளும் இருக்கின்றன.

மாட்டிய முறை இது. உடைந்த காதுக்காக முழு டப்பாவையும் மாற்றவில்லை. காதின் அடியில் துளையிட்டு, எஃகு வாஷரும் ஆறு மில்லிமீட்டர் எஃகு போல்ட்டும் போட்டு, உள்பக்கம் நைலான் பூட்டு நட் வைத்தேன். போல்ட் அழுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழன்று விழுந்தாலும் டர்போவுக்குப் போகாது. இது மிக முக்கியம். சுத்தமான பக்கத்தில் எந்த ஸ்க்ரூவும் வைக்காதீர்கள். மூக்குக்குழாயைப் புதிதாகவே வாங்கினேன். பிவிசி பைப்பை வளைத்துச் செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பானெட்டுக்குள் அடிக்கும் சூட்டில் அது இளகிவிடும். ஹோஸ் கிளாம்புகளை எல்லாம் மண்டபத்தில் படகு இன்ஜின் சாமான் விற்கும் கடையில் எடுத்தேன். அங்கே பட்டை, ஸ்க்ரூ இரண்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கும் கிளாம்ப் கேட்டு வாங்க வேண்டும். கார் ஸ்பேர் கடைகளில் பட்டை மட்டும் எஃகு, ஸ்க்ரூ சாதா இரும்பு. ஒரு மழைக்காலத்தில் ஸ்க்ரூ இறுகிப் போய், கழற்ற அறுக்க வேண்டியிருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; சாதா இரும்பு ஸ்க்ரூவில் கப்பென்று ஒட்டும்.

டப்பாவின் அடியில் ஒரு சிறிய வடிகால் துளை உண்டு. என் வண்டியில் மணலும் இலையும் சேர்ந்து அதை மூடியிருந்தன. காற்று கசிகிறது என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைக்கக் கூடாது. மழையில் உள்ளே வரும் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. அது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் அதன் வழியாக வரும் காற்றும் வடிகட்டப்பட்டுத்தான் போகும். ஃபில்டரின் விளிம்பில் விரல்நுனியால் மெலிதாக சிலிக்கான் கிரீஸ் தடவி, மூடியைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு போட்டேன். பிரேக் கிளீனர் அடிக்கக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அழுத்திச் சொன்னது. அசல் டப்பாவுக்குள் அதே அளவு ஃபில்டர் போடுவது பராமரிப்பு. டப்பாவையே எடுத்துவிட்டு வேறு இன்டேக் வைப்பது வேறு கதை. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட இன்டேக் கிட் ஒவ்வொன்றும் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத கிட்டைப் பொதுச்சாலையில் ஓட்டும் காருக்குப் போட முடியாது.

வேலை முடிந்து கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மூடியைத் திறந்து மறுபடி வெள்ளைத் துணியால் துடைத்தேன். நான்கு மூலையும் சுத்தம். கரும்புகை நின்றுவிட்டது. இழுவை வந்துவிட்டது, புது ஃபில்டரும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து கொடுத்தது அது. கூம்பு ஃபில்டரை மச்சான் எடுத்துக்கொண்டு போனான். துபாயில் அவன் நண்பனுக்குப் பொருந்தும் வண்டி இருக்கிறதாம். "டார்ச் அடிச்சுக் காட்டிட்டுத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கையேட்டில் ஃபில்டர் மாற்றும் கிலோமீட்டர் இரண்டு வகையாக இருக்கும்: நல்ல ரோட்டுக்கு ஒன்று, புழுதி ரோட்டுக்கு ஒன்று. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது அட்டவணை. என் வண்டிக்குக் கச்சான் தொடங்குமுன் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் டப்பாவைத் திறப்பது என்று வைத்திருக்கிறேன். ஃபில்டரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் மேல்மூடியைத் துடைத்துப் பார்ப்பேன், வடிகால் துளையில் ஒரு ஈர்க்குச்சி விட்டு எடுப்பேன். பழைய மூடியும் நீல ட்யூபும் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் யாருக்காவது இதே வண்டி இருந்தால் வந்து அளந்துகொள்ளலாம். இன்டேக்கைக் கழற்றியபோது புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் பக்கம் கரி தடிமனாகப் படிந்திருந்தது தெரிந்தது. அடுத்து அதைத்தான் கழற்றப் போகிறேன்.